பாம்பன் தீவில் படம் பிடித்தல்

மதுரை நகரத்தார்க்குக் கடல் அயலூர்ப் பொருள். கண்மாயும் கரிசலும் கற்குன்றுமே நமது சமவெளியின் காட்சி. ஆயினும் இருப்புப்பாதை வழியே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் சென்றால் இரு கடல்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு தீவில் நாம் நிற்கலாம். ஆதலால் பொங்கல் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் நம் மாணவர் பலர் கூட்டங்கூட்டமாக இராமேசுவரம் சென்று வருகின்றனர். முற்காலத்தில் தீர்த்தக் குடமும் சங்கும் கொண்டு திரும்பினார்கள். இக்காலத்தில் கைப்பேசி நிறையப் படங்களைக் கொண்டு திரும்புகின்றனர். அப்படங்களை எமக்குக் காட்டுவாரும் உண்டு. அவற்றைப் பார்க்குந்தோறும் எமக்கு ஒரு வினா எழுவதுண்டு: இவற்றுள் இன்னும் முப்பதாண்டு கழித்து ஒருவன் எடுத்துப் பார்த்துப் பயன்கொள்ளத்தக்கவை எத்தனை? அத்தீவின் பறவைகளையும் கரைகளையும் பவளத்தையும் படம் பிடிப்பது எங்ஙனம் என்பதையும், பிடித்த படத்தோடு எதனைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் யாம் விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் நம் ஊர்ச் செய்தி ஒன்று. 1858-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் படம் பிடித்தார். கண்ணாடியும் பிலிமும் அன்று. மெழுகு தடவிய காகிதமே அவர்க்கு எதிர்ப்படிவம். அவர் வெளியிட்ட மதுரைப் படத்தொகுதிகளுட் சிலவற்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர் பசுமலைச் செமினரியின் தலைவராயிருந்த டிரேசி ஐயர். மகாலைப் பழுதுபார்க்கும் வேலை, 1866-இல் கவர்னராக வந்த நேப்பியர் பிரபுவின் காலத்திலேதான் தொடங்கிற்று. அதற்கு முன்னர் அக்கட்டடம் எவ்வாறு சிதைந்து கிடந்தது என்பதை இன்று நாம் கண்ணாற் காண்பதற்கு டிரைப்பின் படங்கள் உதவுகின்றன. அவை அழகிய படங்களே. ஆனால் இன்ன ஆண்டு, இன்ன இடம் என்பது தெரிந்திருப்பதனாலன்றோ அவை சான்றாகவும் நிற்கின்றன? கற்கட்டடத்துக்கே இஃது உண்மையாயின், மணலாலும் பவளத்தாலும் ஆகிய ஒரு கரைக்கு எத்துணை உண்மையாகும் என்பதைச் சொல்ல வேண்டா.

நிற்க. வண்டி மதுரையை விட்டு மானாமதுரை, பரமக்குடி வழியாகச் செல்லும்போது வைகையும் பெரும்பாலும் உடன் வருகிறது. இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் தன் நீரைக் கொட்டி, எஞ்சியதைக் கொண்டு ஆற்றங்கரை என்னும் ஊரருகே அது கடலையடைகிறது. இவ்வழி நெடுகிலும் உள்ள கண்மாய்கள் பறவைகளுக்குச் சத்திரங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய நான்கும் உலக நாடுகள் ஒப்பிய ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிவிட்டன. முன்னைய இரண்டும் 2022-இலும் பின்னைய இரண்டும் 2025-இலும் ஏறின. மண்டபம் தாண்டியவுடன் பாம்பன் பாலம். 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின்மேல் 2022 டிசம்பர் முதல் வண்டி ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கப்பலுக்கு வழிவிடும்பொருட்டு 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கண் அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. பாலத்தை எல்லோரும் படம் எடுக்கின்றனர், நன்றாகவும் எடுக்கின்றனர். அதனைப்பற்றி யாம் சொல்ல வேண்டுவதில்லை.

தீவின் அமைப்பை அறிந்தாலன்றி எங்கே எப்பொழுது நிற்பது என்பது விளங்காது. மேற்கே அகன்றும் தென்கிழக்கே ஒடுங்கியும் நீண்ட இத்தீவின் வாற்பகுதியே தனுஷ்கோடி. அவ்வாலின் வடபுறம் பாக்கு நீரிணை. தென்புறம் மன்னார் வளைகுடா. வடபுறத்தைப் பெண்கடல் என்றும் தென்புறத்தை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் கூறுவர். ஆண்டு முழுதும் ஒன்று அமைதியும் மற்றொன்று சீற்றமும் உடையதென்று இப்பெயரால் மயங்கலாகாது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். எக்காலத்தில் சென்றாலும் காற்றுக்கு மறைவான கரை ஒன்று கிடைக்கும் என்பது படக்காரனுக்கு இத்தீவு தரும் பெரிய வசதி. கடலின் ஏற்றவற்றம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவே. எனினும் தரை மிகவும் தட்டையாக இருத்தலால், அவ்வளவு சிறிய வற்றத்திலேயே பரந்த சேற்றுவெளி தலைகாட்டும். பறவைகள் இரை தேடி வருவது அச்சேற்றுக்கே.

வெண்மணலில் முதன்முதல் படம் எடுப்போர், கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றிய மணல் படத்தில் சாம்பல் நிறமாக விழுந்திருப்பதைக் கண்டு வியப்பதுண்டு. காரணம் இது: கருவியில் உள்ள ஒளிமானிக்குத் தான் பார்ப்பது மணலா, காக்கையா என்பது தெரியாது. எதிரேயுள்ள காட்சி முழுவதும் நடுத்தரமான சாம்பல் நிறமுடையது என்று எண்ணிக்கொண்டே அது கணக்கிடுகிறது. வெண்மணலும் பளபளக்கும் நீரும் நிறைந்த இடத்தில் 'ஒளி மிகுதி' என்று மயங்கி, ஒளியைக் குறைத்து வாங்குகிறது. ஆகவே மணல்வெளியில் கருவி சொல்வதைவிடச் சற்று மிகுதியாகவே ஒளியை விட வேண்டும். கைப்பேசியிலும் இதற்கு வழியுண்டு. உச்சிவேளையை அறவே விடுதல் நன்று. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கரை மணிக்குப் பின்பும் வெயில் சாய்ந்து விழுதலால், மணலின் வரிகளும் நண்டின் அடிச்சுவடும் நிழலோடு எழுந்து நிற்கும்.

இனிப் பூநாரையைப்பற்றிக் கூறுவோம். தனுஷ்கோடிக்குப் படப்பெட்டியோடு செல்வோரிற் பெரும்பாலோர் இதனை நாடியே செல்கின்றனர். இதனைச் செங்கால் நாரை என்று அழைப்பார் சிலர். அஃது வேறு பறவை. பூநாரையின் கழுத்தும் காலும் உடம்புக்கு ஒவ்வாத நீளமுடையன. காலின் நடுவே பின்னோக்கி மடங்குவது முழங்கால் என்று நாம் நினைக்கின்றோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. உண்ணும்போது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகை நீரில் அமிழ்த்தி, நாவினை உந்துகோல்போல் முன்னும் பின்னும் அசைத்துச் சேற்றுநீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய சீப்புப் பற்கள் சிற்றுயிர்களையும் பாசியையும் வடிகட்டி நிறுத்துகின்றன. இறகின் செந்நிறமும் இவ்வுணவிலுள்ள நிறப்பொருளால் வருவதே. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். இளம்பறவையும் நிறம் மங்கியே காணும். இந்தியாவில் இப்பறவை பெருங்கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் கச்சு வளைகுடாவை அடுத்த உவர்நிலம். ஆண்டின் தொடக்க மாதங்களில் தனுஷ்கோடிச் சேற்றில் இவற்றைக் காண்கின்றோம்.

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்குமாறு வேண்டுகின்றோம். பூநாரைப் படங்களுள் பாராட்டுப் பெறுவது எது? கூட்டம் முழுவதும் ஒருங்கே எழுந்து, சிறகின் செம்மையும் கருமையும் வானில் விரியப் பறக்கும் படமே. அங்ஙனம் ஒரு படத்தைக் காணும்பொழுதெல்லாம், அக்கூட்டம் ஏன் எழுந்தது என்று கேட்டல் வேண்டும். தானாக எழுந்திருக்கலாம், பருந்தைக் கண்டு எழுந்திருக்கலாம். ஆனால் பலமுறை அது படக்காரனைக் கண்டே எழுந்தது. பூநாரை இருந்த இடத்திலிருந்து சட்டென்று எழும்ப இயலாத பறவை. நீரின்மேல் பல அடி ஓடியே காற்றில் ஏறும். அதற்கு ஆகும் வலிமை அற்பமன்று. சேறு வெளிப்பட்டிருக்கும் சில மணி நேரத்திலேதான் அதன் உணவு; அந்நேரத்தில் நான்கு முறை விரட்டப்பட்டால் அன்றைய உணவின் ஒரு பங்கு போயிற்று. ஒருவன் ஒருமுறை செய்வதனால் என்ன கெட்டுவிடும் என்பார்க்கு, ஞாயிற்றுக்கிழமையில் அச்சாலையோரம் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்க்கும்படி சொல்லுவோம். அரிச்சல் முனை வரை தார்ச்சாலை வந்தது 2017-இல். அதற்கு முன்னர் மணலில் இடர்ப்பட்டே அங்கே செல்லவேண்டியிருந்தது. அவ்விடரே பறவைக்கு வேலியாக இருந்தது. தமிழ்நாட்டரசு 2025 சூன் மாதத்தில் இப்பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சட்டம் வந்துவிட்டது, ஆயினும் ஐம்பது அடி முன்னே செல்வதா, நிற்பதா என்பதைச் சேற்றின் விளிம்பில் அவரவர் காலே முடிவு செய்கிறது.

எப்படி நிற்பது என்பதற்கு எளிய அடையாளம் உண்டு. கவிழ்ந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால் நாம் அளவு கடந்து வந்துவிட்டோம் என்று பொருள். அவ்விடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். நின்ற மனிதனைவிட உட்கார்ந்த மனிதனைப் பறவைகள் பொறுக்கும். தலைகள் மறுபடியும் கவிழும்போது படம் எடுக்கலாம். பறவை சிறிதாக விழுமே என்று கவலைப்படுவோர், சுற்றிலுமுள்ள நீரையும் தொலைவிலுள்ள மணற்றிட்டையும் சேர்த்து எடுப்பாராக. எமது எண்ணத்தில் அத்தகைய படமே மேலானது. பறவையின் முகம் மட்டும் நிறைந்த படத்தை விலங்குக்காட்சிச்சாலையிலும் எடுக்கலாம். 1912 முதல் 1996 வரை வாழ்ந்த மா. கிருஷ்ணன், நம் நாட்டுக் காட்டுயிர்ப் படக்காரருள் தலைசிறந்தவர். கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். எழுத்தும் படமும் அவருக்கு இரு கைகள்போல் இருந்தன. விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாத படத்தை அவர் மதித்தவரல்லர் என்பது அவர் எழுதியவற்றைப் படிப்பார்க்கு விளங்கும்.

பெரிய பறவையை நாடிச் செல்வோர் காலடியிலுள்ளவற்றைக் கவனிப்பதில்லை. மணலின் நிறமேயுடைய கரைநண்டு, வளை வாயிலில் இரு கண்களையும் காம்பின்மேல் நிமிர்த்தி நிற்கும். வயிறு மணலிற்பட நாம் படுத்தாலன்றி அதன் முகம் படத்தில் விழாது. கறுப்பும் வெள்ளையுமான உள்ளான் வகை ஒன்று இந்நண்டுகளைத் தின்னவே இக்கரைக்கு வருகிறது. கரைப்பறவைகளுள் மணலில் வளை தோண்டி அதனுள் முட்டையிடுவது இஃதொன்றே. ஆலாக்கள் வெறுமணலிலேயே முட்டையிடும். அம்முட்டைகள் மணலோடு மணலாய்க் கிடப்பன. தாய்ப்பறவை எழுந்துவிட்டால் வெயிலிலே வெந்துபோவன. ஆதலின் ஆலாக்கள் தலைக்குமேல் கூச்சலிட்டுச் சுற்றும் இடத்தில் ஒரு நொடியும் நில்லாது, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புதல் வேண்டும். குடைபோல் கவிந்த உடைமரமும் பனையும் காற்றுக்குச் சாய்ந்து நிற்கும் மணல்மேடுகள் தீவெங்கும் உள. வாடையும் தென்மேற்குக் காற்றும் எவ்வாறு வீசின என்பதை அம்மரங்களின் சாய்விலிருந்தே படிக்கலாம்.

தீவின் தென்மேற்கே, 1897-ஆம் ஆண்டில் விவேகானந்தர் வந்திறங்கிய குந்துக்காலுக்கு எதிரே குருசடைத் தீவு இருக்கிறது. உயிர்நூல் பயில்வோர்க்கு இதனினும் புகழ்வாய்ந்த சிறு தீவு நம் நாட்டில் இல்லை எனலாம். சென்னைக் காட்சிச்சாலையின் தலைவர் எட்கர் தர்ஸ்டன் 1887-இலேயே இராமேசுவரத்துக் கடலுயிர்களைப்பற்றி அறிக்கை எழுதினார். அக்காட்சிச்சாலையைச் சேர்ந்த கிரேவ்லி 1927-இல் குருசடைக் கரையின் உயிர்களைப்பற்றிய நூலை வெளிப்படுத்தினார். முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட உறவை விளக்கும் பலனோகுளோசஸ் என்னும் புழுவினம் இங்கே மணலில் வாழ்வதால், நம் விலங்கியல் மாணவர் தலைமுறை தலைமுறையாக இத்தீவின் பெயரைப் பாடமாகப் படித்து வந்திருக்கின்றனர். மண்டபம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. வனத்துறையாரின் இசைவின்றி அத்தீவுகளில் இறங்கலாகாது.

படகிலிருந்து பவளத்தைப் படம் எடுப்பதற்கு இரு தடைகள். ஒன்று நீரின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி. போலரைசர் என்னும் கண்ணாடியை வில்லைக்கு முன் மாட்டி, நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகைக் கோணத்தில் நோக்கித் திருப்பினால் அவ்வொளி மறைந்து அடித்தளம் தெரியும். மற்றொன்று நீரே. நீர் செந்நிறத்தை முதலில் விழுங்கிவிடும். நான்கைந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி போய், எல்லாம் நீலம் பூத்துத் தோன்றும். பிரான்சு தேசத்தில் 1893-இல் லூயி பூட்டான் கடலடியில் படம் எடுத்தபோது நிறம் என்ற பேச்சே இல்லை. 1926-இல் அமெரிக்காவின் பிளாரிடாக் கடலில் லாங்லியும் மார்ட்டினும் வெடிமருந்தின் ஒளியைத் துணைக்கொண்டே முதன்முதல் மீனின் நிறத்தைப் படத்தில் ஏற்றினர்.

பவளத்தின் நிறம் அதன் சொந்த நிறமன்று. பவளப் பூச்சியின் உடலினுள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பூச்சிக்கும் பங்கிடுகின்றன. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடேறிப் பல வாரம் நின்றால் பூச்சி அப்பாசியை வெளியேற்றிவிடும். உடனே உள்ளிருக்கும் சுண்ணாம்பெலும்பு வெள்ளை வெளேரென்று தோன்றும். பாசி திரும்பாதாயின் பூச்சி பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளுப்பு பெரிய அளவில் நேர்ந்தது. இனிக் கேண்மின்: நீலநீரினடியில் வெண்சாமரம்போல் நிற்கும் பவளத்தின் படம் கண்ணுக்கு மிக இனியது. குறிப்பின்றி அதனைக் காண்போர், "என்ன அழகு!" என்று சொல்லிவிட்டுச் செல்வர். பட்டினி கிடக்கும் உயிரைக் கண்டு அழகென்று கூறினோம் என்பது அவர்க்குத் தெரியாது. அப்படத்தின் கீழ் மாதமும் ஆண்டும் இடமும் எழுதப்பட்டிருப்பின், மூன்றாண்டு கழித்து அதே இடத்தில் எடுக்கும் மற்றொரு படம், அப்பவளம் பிழைத்ததா, பாசியேறி மாண்டதா என்பதைத் தெரிவித்துவிடும்.

தீவுகளே மறைதலும் உண்டு. மேற்சொன்ன 21-இல் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை நெடுங்காலம் வெட்டியெடுத்தமையால், அலையைத் தடுக்கும் அரண் போயிற்று; அரண் போகவே மணல் கரைந்தது. தூத்துக்குடியை அடுத்த வான் தீவும் பெரிதும் சுருங்கிற்று. அதனைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி வைத்தனர். பவளத்தை எடுப்பது 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு துண்டேனும் நினைவுப்பொருளாக எடுத்து வருதல் ஆகாது. மூழ்கிய அவ்விரு தீவுகளில் என்ன மரம் நின்றது, எப்பறவை தங்கிற்று என்று கேட்பார்க்கு, எவரேனும் விடுமுறைக்குச் சென்று எடுத்த பழைய படம் ஒன்று அகப்படுமாயின் அதன் மதிப்பு எவ்வளவு!

தனுஷ்கோடியின் கதையை நேயர் அறிவர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயல், ஊரையும் துறையையும் இருப்புப்பாதையையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டியை அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரோடும் வாரிக்கொண்டு போயிற்று. இடிந்த மாதாகோயிற் சுவரின்முன் சிரித்து நின்று எடுத்துக்கொள்ளும் படங்களை யாம் விரும்புகிலேம். அச்சுவரை மட்டும் நேர்நின்று, ஆண்டுக்கொருமுறை ஒரே இடத்திலிருந்து எடுப்பாராயின், உப்புக்காற்று அதனைத் தின்னும் வேகம் தெரியவரும். அங்கு இன்றும் குடிசையமைத்து மீன்பிடித்து வாழ்வோர் உளர். அவர்தம் முகத்தையும் வாயிலையும் அவர் இசைவின்றிப் படமெடுத்தல் எவ்வாற்றானும் தகாது.

படத்தோடு எழுத வேண்டுவன சிலவே: நாள், நேரம், இடம், காற்று, நீர் ஏறியதா வற்றியதா, உயிரின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த தொழில். பெயர் தெரியாவிடின் தெரியவில்லை என்றே எழுதலாம். பின்னர் ஒருவர் படத்தைப் பார்த்துப் பெயரிடுவார். பொய்ப்பெயர் இட்டால் திருத்துவார் இலர். முட்டையும் கூடும் உள்ள இடத்தை மட்டும் எல்லாரும் பார்க்குமாறு வெளியிடலாகாது. கைப்பேசி தானாகவே இடத்தைப் படத்துள் பதித்துவிடுமாதலால், பிறர்க்கு அனுப்புமுன் அதனை நீக்குதல் வேண்டும். பழகிக்கொள்ளத் தீவு வரை செல்ல வேண்டுவதில்லை. மதுரையை அடுத்த சாமநத்தம் கண்மாயில் மார்கழி, தை மாதங்களில் காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், உட்காருதல், எண்ணுதல், எழுதுதல் ஆகிய மூன்றும் கைவந்துவிடும். தீவிலிருந்து திரும்பியவுடன் கருவியை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். உப்பு ஓரிரவு தங்கினாலும் வில்லைப் பொருத்து இறுகிப்போம்.

எம்மிடம் உள்ள ஒரு படத்தின் பின்புறம் எழுதப்பட்டிருப்பதை மாதிரிக்காக இங்கே தருகின்றோம்: "தனுஷ்கோடிச் சாலையின் வடபுறம், தை மாதம், காலை 7-10, வாடை மெல்லென, நீர் வற்றுகிறது. பூநாரை 38, அவற்றுள் நிறம் மங்கிய இளம்பறவை 9. அனைத்தும் தலை கவிழ்ந்து மேய்கின்றன. யாம் எழுந்து திரும்பியபோதும் மேய்ந்துகொண்டிருந்தன."